முதியோர் இல்லத்துச் சமையலறையும் எங்கள் ஐந்து நோட்டும்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மைக் முன்னாடி நின்று பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பதோடு சரி. "உங்க குழு முதியோர் இல்லத்தில் சமையல் எடுத்துச் செய்யுதே, அங்க சுத்தமும் நோட்டும் எப்படி வச்சிருக்கீங்கன்னு சொல்லும்மா"ன்னு தலைவி அக்கா கேட்டாங்க. நான் அதை மட்டும் சொல்றேன். நல்லது மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னுதான் முதலில் எழுதினேன். அப்புறம் அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதினேன்.

எங்க குழுவில் ஆறு பேர் அந்தச் சமையலறையில் வேலை செய்யறோம். 34 பெரியவங்க. காலையில் மூணு பேர், மதியத்துக்கு மேல் மூணு பேர். காலை ஐந்து மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும். ஆறரைக்குக் காபி, கஞ்சி. எட்டு மணிக்கு இட்லியோ பொங்கலோ. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நாலு மணிக்குச் சுண்டல் மாதிரி ஏதாவது. ஏழு மணிக்கு ராச்சாப்பாடு.

வேலைக்குச் சேர்ந்தப்போ எங்களுக்கு ஒரு திமிர் இருந்துச்சு, உண்மையைச் சொல்றேன். பதினஞ்சு வருஷமா வீட்டில் சமைக்கிறோம், இதுல கத்துக்க என்ன இருக்குன்னு நினைச்சோம். உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஒரு நாள் போகச் சொன்னாங்க. ஃபாஸ்டாக் பயிற்சின்னு பேரு. டோல்கேட்டில் காருக்கு ஒட்டுவாங்களே அதுன்னு நினைச்சு, "நமக்கு எதுக்கு அது"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. இது வேற. அந்த ஒரு நாளில்தான் முதல் முதலா ஒரு விஷயம் மண்டையில் ஏறுச்சு. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வயிறு கெட்டா ரெண்டு நாளில் எழுந்து ஓடும். எண்பது வயசுப் பாட்டிக்கு அதே வயித்துப்போக்கு வந்தா உடம்பில் இருக்கிற தண்ணி வத்தி, மயங்கி, ஆஸ்பத்திரி வரைக்கும் போகும். அது மட்டும் இல்லை, வயசானா மூக்கும் நாக்கும் மந்தமாகும். சாம்பார் ஊசிப்போனா நமக்கு வாடை தெரியும், ஒதுக்கி வச்சிடுவோம். அவங்களுக்குத் தெரியாது, சாப்பிட்டுடுவாங்க. அதனால அவங்க மூக்கும் நாக்குமா நாமதான் இருக்கணும்.

சுத்தம்னா நாங்க முதலில் தரையைத்தான் தேய்ச்சோம். தரை பளபளன்னு இருக்கும், வர்றவங்க எல்லாம் பாராட்டுவாங்க. ஆனா அழுக்கு தரையில் இல்லை. எங்கே இருந்துச்சுன்னு சொல்றேன், இன்னைக்கு வீட்டுக்குப் போய் நீங்களும் பாருங்க. மிக்ஸி மூடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதைக் கழட்டிப் பாருங்க. ஒரு வாரத்துச் சட்னி அதுக்குள்ள இருக்கும். எங்க மிக்ஸியில் இருந்தது பச்சையா, கறுப்பா, வழவழன்னு. பார்த்துட்டு எனக்கு அன்னைக்குச் சாப்பாடே இறங்கலை. அடுத்தது கிரைண்டரில் உருளைக்கு அடியில். அதுக்கு அடுத்தது பாத்திரம் துடைக்கிற துணி. அடுப்பு மேடையைத் துடைச்ச துணியாலேயே தட்டைத் துடைச்சு, அதே துணியால சூடான சட்டியையும் பிடிச்சு இறக்கிட்டு இருந்தோம். இப்போ துணி மூணு நிறம். வெள்ளை பாத்திரத்துக்கு, நீலக் கட்டம் போட்டது மேடைக்கு, பழைய சேலை கிழிச்சது தரைக்கு. வெள்ளையையும் நீலத்தையும் தினமும் கொதிக்கிற தண்ணியில் போட்டு அலசி வெயிலில் காய வைக்கிறோம். ஈரத் துணியைச் சுருட்டிச் சமையலறையில் வைக்கவே கூடாது.

ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், கழுவற ஆசிட் எல்லாம் சமையலறையிலேயே இல்லை, வெளியில் தனி அலமாரியில் பூட்டி இருக்கு. பழைய எண்ணெய் பாட்டிலில் ஃபினாயில் ஊத்தி வைக்கிற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு. பாதிக் கண் தெரியாத தாத்தா அதை எடுத்துக் குடிச்சா என்ன ஆகும்? அதோட, பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒண்ணா ஊத்தக்கூடாது. அதில் இருந்து விஷவாயு வரும், மூச்சு அடைக்கும். "ரெண்டும் சேர்ந்தா இன்னும் வெளுப்பு"ன்னு நினைச்சு நானே வீட்டில் ஊத்தியிருக்கேன்.

பெரிய சண்டை வந்தது வளையலுக்குத்தான். சமைக்கும்போது கண்ணாடி வளையல் போடக்கூடாது, உடைஞ்சு குழம்பில் விழும். தலையில் பூ வைக்கக்கூடாது, உதிரும். எங்க குழுவில் மூத்த அக்கா, "சுமங்கலி வெறுங்கையோட அடுப்பு முன்னாடி நிக்கறதா"ன்னு கேட்டுட்டு ரெண்டு நாள் வரவே இல்லை. வற்புறுத்தினா வேலையை விட்டுடுவாங்க போல இருந்துச்சு. கடைசியில் அந்த இல்லத்திலேயே இருக்கிற ஒரு பாட்டிதான் பேசி முடிச்சாங்க. "உன் வளையல் துண்டு என் தொண்டையில் மாட்டினா உன் சுமங்கலித்தனம் என்னைக் காப்பாத்துமாடி"ன்னு கேட்டாங்க. அக்கா சிரிச்சுட்டாங்க. இப்போ வாசலில் ஆறு ஆணி அடிச்சிருக்கோம். உள்ளே வரும்போது ஆளுக்கு ஒரு ஆணியில் வளையலை மாட்டிட்டு, தாலியை ரவிக்கைக்குள்ள போட்டுட்டு, தலைக்குத் துணி கட்டிட்டுத்தான் அடுப்புக்கு வருவோம்.

சோறு பத்தி ஒண்ணு. மிச்சச் சோத்தை ராத்திரி சூடு பண்ணிக் கொடுத்தா தப்பில்லைன்னு நாங்க நினைச்சோம், சூடு பண்ணினா கிருமி சாகும்தானே. பயிற்சியில் சொன்னாங்க, சோத்தில் ஒரு வகைக் கிருமி இருக்கு, அதோட விதை மாதிரி ஒண்ணு கொதிச்சாலும் முழுசா சாகறதில்லை. சோறு ஆறி வெளியில் பல மணி நேரம் கிடந்தா அது பெருகி நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால மதியச் சோறு மதியத்தோட சரி, மிச்சம் மாட்டுக்கு. ஒரு தாத்தா தினமும் பழையது கேட்பார். "அறுபது வருஷம் பழையது குடிச்சு ஏர் ஓட்டினேன், நீ என்னடி எனக்குச் சொல்றே"ன்னு திட்டுவார். அவர் சொல்றதும் பொய் இல்லை. ஆனா அவர் ஏர் ஓட்டின உடம்பு வேற, இப்போ இருக்கிற உடம்பு வேற. மோர் ஊத்தின கஞ்சியும் சின்ன வெங்காயமும் கொடுக்கிறோம். அவருக்கு அது திருப்தி இல்லை. இதில் மட்டும் அவருக்கும் எங்களுக்கும் இன்னும் சமாதானம் ஆகலை.

சரி, நோட்டுக்கு வர்றேன். எங்ககிட்ட ஐந்து நோட்டு இருக்கு. சரக்கு நோட்டு, சமையல் நோட்டு, ஃபிரிட்ஜ் நோட்டு, சுத்தம் நோட்டு, உடம்பு நோட்டு. சரக்கு நோட்டில் என்ன வந்துச்சு, எந்தக் கடை, என்ன விலை, எந்தத் தேதிக்குள்ள பயன்படுத்தணும்னு இருக்கும். பழசு முன்னாடி, புதுசு பின்னாடி அடுக்கணும். சமையல் நோட்டில் என்ன சமையல், யார் சமைச்சது, எத்தனை மணிக்கு இறக்கினோம், எத்தனை மணிக்குப் பரிமாறினோம், யார் ருசி பார்த்தது. சமைச்சதில் ஒவ்வொண்ணிலும் ஒரு கரண்டி எடுத்து மூடி, தேதி ஒட்டி, 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்போம். ஏதாவது ஆச்சுன்னா சோதிச்சுப் பார்க்க. சர்க்கரைக்காரங்க, உப்பு குறைக்கணும்னு டாக்டர் சொன்னவங்க, மென்னு தின்ன முடியாதவங்க பேரெல்லாம் சமையல் நோட்டின் முதல் பக்கத்திலும் சுவத்திலும் இருக்கு. உப்பில்லாத சாப்பாட்டுக்கு மஞ்சள் தட்டு.

கையெழுத்து நல்லா இருக்குன்னு இந்த ஐந்து நோட்டும் என் பொறுப்புக்கு வந்துச்சு. நான் எப்படி எழுதினேன் தெரியுமா? மாசக் கடைசியில் ராத்திரி உட்கார்ந்து, ஒரே பேனாவில், முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் எழுதினேன். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழ இருக்கணும்னு சொன்னாங்களா, நான் 4, 4, 4, 4ன்னு மாசம் முழுக்கப் போட்டேன். அழகா கோடு போட்டு. பார்க்கிறவங்க எல்லாம் "என்னம்மா நோட்டு வச்சிருக்கே"ன்னு சொல்லுவாங்க, எனக்கும் பெருமையா இருக்கும்.

ஒரு நாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். பதிவுச் சான்றிதழ் பார்த்தார், 14 இலக்க எண் சுவத்தில் மாட்டி இருந்துச்சு. எங்க எல்லாருக்கும் வருஷம் ஒரு தடவை எடுக்க வேண்டிய மருத்துவச் சான்று, டைபாய்டு ஊசி போட்ட சீட்டு எல்லாம் பார்த்தார், சரியா இருந்துச்சு. அப்புறம் ஃபிரிட்ஜ் நோட்டைப் புரட்டினார். புரட்டிட்டே கேட்டார், "ஏம்மா, 14-ஆம் தேதி மாதாந்திரப் பராமரிப்புன்னு இந்தப் பக்கம் முழுக்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டு இல்லையே. உங்க ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி லைன் இழுத்திருக்காங்களா?" எனக்குத் தரை பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்துச்சு. அவர் கத்தலை, அபராதமும் போடலை. "அடுத்த தடவை உண்மையான நம்பரைக் காட்டுங்க, அது 9ஆ இருந்தாலும் பரவாயில்லை"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார்.

அதுக்கப்புறம் ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி வாங்கி வச்சோம். தினமும் ரெண்டு வேளை யார் பார்க்கிறாங்களோ அவங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும்னு முடிவு பண்ணினோம். அந்த ஒரு நோட்டு திருந்துச்சு. ஆனா உடம்பு நோட்டு திருந்தலை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

உடம்பு நோட்டுன்னா, காலையில் வேலைக்கு வரும்போது காய்ச்சல், வாந்தி, வயித்துப்போக்கு, கையில் புண், சளி ஏதாவது இருக்கான்னு ஒவ்வொருத்தரும் எழுதணும். இருந்தா அன்னைக்குச் சமையலறைக்குள்ள வரக்கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனா வரலைன்னா அன்னைக்குக் கூலி இல்லை. எழுதுவாங்களா? ஆறு பேரும் தினமும் "நலம்", "நலம்"னு எழுதினோம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாசம். ஞாயித்துக்கிழமை என் சின்னப் பொண்ணுக்கு வயித்துப்போக்கு. திங்கக்கிழமை விடியக்காலை எனக்கும் மூணு தடவை போச்சு. அந்த வாரம் குழுக்கடன் தவணை கட்டணும். ஒரு நாள் கூலி 350 ரூபாய் போனா தவணையில் இடிக்கும். பிரதிநிதியே தவணை தவறினா மத்தவங்களை எப்படிக் கேட்கறதுன்னு ஒரு எண்ணம் வேற. மோர் குடிச்சுட்டுப் போனேன். நோட்டில் "நலம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன்தான். அன்னைக்குத் தேங்காய்ச் சட்னி அரைச்சது நான். நடுவில் ரெண்டு தடவை பின்பக்கம் போயிட்டு வந்தேன்.

செவ்வாய் ராத்திரியிலிருந்து புதன் மத்தியானத்துக்குள்ள ஏழு பெரியவங்களுக்கு வாந்தி, வயித்துப்போக்கு. ரெண்டு பேருக்கு அரசு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏத்தினாங்க. அதில் ஒரு பாட்டி நாலு நாள் படுக்கையில் இருந்தாங்க. திரும்பி வந்தாங்க, ஆண்டவன் புண்ணியம். ஆனா அதுக்கு முன்னாடி கோல் ஊன்றிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து வந்தவங்க, அதுக்கப்புறம் நடக்கலை. இன்னைக்கும் அவங்க தட்டைக் கட்டிலுக்குத்தான் கொண்டு போறோம்.

இல்லத்து மேலாளர் எல்லா நோட்டையும் எடுத்து வச்சுப் பார்த்தார். தண்ணித் தொட்டி கழுவின தேதி சரி. சமைச்ச நேரம், பரிமாறின நேரம் சரி. ஃபிரிட்ஜ் சரி. சமைச்சவங்க ஆறு பேரும் நலம். அப்போ வெளியிலிருந்து வந்ததில்தான் கோளாறுன்னு ஆயிடுச்சு. வெளியிலிருந்து சமைக்காம வர்றது தயிர். பால்காரர்தான் தயிரும் ஊத்துவார். அவரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவர் என் கண்ணு முன்னாடி கேன் மூடியைத் திறந்து காட்டி, "என் பிள்ளைங்களும் இதைத்தாங்க குடிக்குது"ன்னு சொல்லிட்டு நின்னார். நான் பக்கத்தில் கீரை ஆஞ்சுட்டு இருந்தேன். தலையை நிமிர்த்தலை.

என்னால்தான் வந்துச்சுன்னு எந்தச் சோதனையும் சொல்லலை. ஆனா எனக்குத் தெரியும். நான் "வயித்துப்போக்கு"ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அந்த நோட்டு சரியான பக்கம் கையைக் காட்டியிருக்கும். நான் பொய் எழுதினதால அது தப்பான ஆளைக் காட்டிக் கொடுத்துச்சு. நோட்டே இல்லாம இருந்திருந்தாக்கூட எல்லாப் பக்கமும் தேடியிருப்பாங்க.

மூணு நாள் தூங்கலை. சனிக்கிழமை குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சொல்லிட்டு, பிரதிநிதி பொறுப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் வளையல் அக்கா சொன்னாங்க, "நான் மட்டும் என்ன யோக்கியமா? தை மாசம் காய்ச்சலோட நாலு நாள் வந்தேன்." இன்னொருத்தி, விரலில் சீழ் வச்ச புண்ணோட பிளாஸ்டர் சுத்திட்டு மாவு பிசைஞ்சதைச் சொன்னா. ஆறு பேரும் ஒண்ணு ஒண்ணு சொன்னோம். அப்போதான் புரிஞ்சுது, இது ஒருத்தியோட பொய் இல்லை, அந்த நோட்டே எங்களைப் பொய் எழுத வைக்குதுன்னு.

அன்னைக்கு எழுதின தீர்மானம் இன்னும் எங்க தீர்மான நோட்டில் இருக்கு. சமையல் லாபத்திலிருந்து மாசம் 600 ரூபாய் தனியா எடுத்து வைக்கணும். உடம்பு சரியில்லைன்னு உண்மையா எழுதிட்டு வீட்டுக்குப் போறவங்களுக்கு அன்னைக்கு முழுக் கூலி. வாந்தி, வயித்துப்போக்கு இருந்தா, அது நின்னு ரெண்டு நாள் முழுசாக் கழிஞ்ச பிறகுதான் திரும்ப வரணும், அந்த நாளுக்கும் கூலி உண்டு. வீட்டில் பிள்ளைக்கு இருந்தாலும் எழுதணும். "இப்படிக் குடுத்தா எல்லாரும் வயிறு வலிக்குதுன்னு உட்கார்ந்துக்குவாங்க"ன்னு மத்த உறுப்பினர்கள் பயந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் மொத்தம் 11 நாள்தான் அந்தப் பணத்திலிருந்து குடுத்திருக்கோம். யார் ஏமாத்தறாங்கன்னு ஆறு பேருக்குள்ள தெரியாமலா போகும்?

மறுநாள் மேலாளரிடம் நானும் அக்காவும் போய்ச் சொன்னோம். வேலை போயிடும்னுதான் போனோம். அவர் ரொம்பக் கோபப்பட்டார், அது நியாயம்தான். இனி ஒரு தடவை இப்படி ஆனா வேற ஆளைப் பார்த்துக்குவேன்னு எழுதி வாங்கினார். பால்காரரைத் திரும்ப வரச் சொன்னார். நான் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சம்சாரம் தண்ணி கொடுத்தாங்க. அவர் பேசலை. இப்போ பால் ஊத்தறார், ஆனா என்கிட்ட அளவு மட்டும்தான் சொல்வார்.

இப்போ எங்க நோட்டைப் பார்த்தா முன்னாடி மாதிரி அழகா இருக்காது. ஆறு பேர் கையெழுத்து, நாலு நிறப் பேனா, மஞ்சள் கறை, அடிச்சல் திருத்தல். போன சித்திரை மாசம் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கு: "காலை 9 மணிக்குக் கரண்டு போச்சு. 3 மணிக்கு ஃபிரிட்ஜ் 13 டிகிரி. தயிர் 6 லிட்டர், அரைச்ச தேங்காய் கீழே கொட்டியாச்சு. ராத்திரி மோர் இல்லை, ரசம் மட்டும்." கரண்டு போனா ஃபிரிட்ஜைத் திறக்காம வச்சாலும் சுமார் நாலு மணி நேரம்தான் தாங்கும். ஆறு லிட்டர் தயிரைக் கொட்டினதுக்கு மேலாளர் முகம் சுளிச்சார். நோட்டை நீட்டினோம். பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. மறுவாரம் கரண்டு போனா வைக்க ஒரு ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தார்.

நம்ம பஞ்ச சூத்திரத்தில் அஞ்சாவது என்ன? கணக்கு நோட்டை அன்னன்னைக்கு முறையா எழுதறது. சேமிப்பு, உள்கடன் கணக்கில் பத்து ரூபாய் இடிச்சாலும் நாம ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து தேடறோம். சமையல் நோட்டில் மட்டும் எனக்கு அந்தப் புத்தி வரலை.

கடைசியா கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். இங்க வந்திருக்கிறதில் பல குழு பள்ளிக்கூடத்தில் காலை உணவுத் திட்டத்தில் சமைக்குது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து நம்ம பெண்கள்தான் விடியக்காலையில் எழுந்து அடுப்பு பத்த வைக்கிறாங்க. சில குழு கேன்டீன் நடத்துது. உடம்பு நோட்டு வைக்கச் சொன்னா, கூடவே உடம்பு சரியில்லாத நாளுக்குக் கூலி தர ஒரு சின்ன நிதியும் ஒவ்வொரு குழுவிலும் வைக்கணும்னு கூட்டமைப்பு தீர்மானம் போடணும். லாபம் வராத குழுவுக்குக் கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து முதல் ஆறு மாசம் உதவி பண்ணணும். ரெண்டாவது, ஐந்து நோட்டையும் ஒரே மாதிரி அச்சடிச்சுக் கொடுங்க. கட்டம் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும், "இன்று நடந்த தவறு"ன்னு ஒரு கட்டமும் வேணும். எங்க நோட்டில் அதுக்கு இடம் இல்லாம ஓரத்தில் பொடியா எழுதிட்டு இருக்கோம், மூத்த அக்காவுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது.

யாருக்காவது எங்க நோட்டைப் பார்க்கணும்னா பையில் கொண்டு வந்திருக்கேன், சாப்பாட்டு இடைவேளையில் வாங்கிப் பாருங்க. அந்த ஆடி மாசப் பக்கமும் அதில் இருக்கு, கிழிக்கலை.